பிள்ளைக்கு லேப்டாப்: எதில் பணத்தைப் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

ராம், ரைசன், ஆர்டிஎக்ஸ், ஏஐ பிசி என்று விளம்பரங்கள் மிரட்டும் அட்மிஷன் சீசன் இது. கடைக்குப் போகும் முன் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

அட்மிஷன் சீசனில் எந்த சனிக்கிழமை போனாலும் சென்னை ரிச்சி தெருவில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மவுன்ட் ரோட்டின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினால் சார்ஜர்களும் கீபோர்டுகளும் வாசல்வரை தொங்கும் கடைகள். அதில் ஒன்றின் கவுன்ட்டர் முன்னால் அப்பா, அம்மா, மகள். அம்மாவின் மடியில் கல்லூரியின் பெயர் போட்ட ஃபைல். மகளின் கையில் போன். அதில் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்.

"என்ன கோர்ஸ்மா?"

"ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ்ணா."

"அப்ப கிராபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணும். இல்லன்னா ரெண்டாவது வருஷமே மாத்த வேண்டி வரும் சார்."

நாற்பத்தைந்தாயிரத்தில் தொடங்கிய பேச்சு, டீ வந்து சேர்வதற்குள் எழுபத்தெட்டாயிரத்தில் போய் நிற்கும். அப்பா மகளைப் பார்ப்பார். "இதுதான் வேணுமா பாப்பா?" மகளுக்கும் தெரியாது. "சீனியர் அக்காவும் இதத்தான் வெச்சிருக்காங்கப்பா" என்பாள். தவணை அட்டை வெளியே வரும்.

கோவையிலும் மதுரையிலும் நெல்லையிலும் ஏசி ஷோரூம்களில் நடப்பதும் இதுவேதான். "எந்த கம்பெனி நல்லது?" என்று கேட்கிறோம், "ஆஃபர் எவ்வளவு?" என்று கேட்கிறோம். அந்த மெஷினில் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. மூன்று, நான்கு வருடம் உழைக்க வேண்டிய பொருள் இது. வாங்கியபின் மாற்றவே முடியாத விஷயங்களில் பணத்தைப் போட வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவற்றில் மிச்சம் பிடிக்கலாம். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி விளம்பரங்கள் தானாகவே உதிர்ந்துவிடும்.

ஏன் இத்தனை குழப்பம்?

மூன்று காரணங்கள். முதலாவது, விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அண்ணன் படித்த லேப்டாப்பில் தம்பியும் படிப்பான் என்ற கணக்கு பல வீடுகளில் இங்கேதான் முறிந்தது.

இரண்டாவது, ராம் விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் கொடுப்பதில் தயாரிப்பாளர்கள் மும்முரமாக இருக்க, கடைகளில் ராம் விலை 2025 இறுதியில் கிடுகிடுவென ஏறியது. மைக்ரான் நிறுவனம் 'க்ரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. லேப்டாப்புக்கு ஏற்கெனவே 18 சதவீதம் ஜிஎஸ்டி.

மூன்றாவது, 'ஏஐ பிசி' ஸ்டிக்கர். 2024-இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய 'கோபைலட் பிளஸ்' வகைக்கு ஏஐ வேலைக்கென்றே ஒரு தனிச் சிப் பகுதி, குறைந்தது 16 ஜிபி ராம் என்று இலக்கணம் உண்டு. மாணவர்கள் தினமும் தொடும் சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவையோ இணையத்தில், எங்கோ இருக்கும் சர்வரில் ஓடுபவை. அவற்றுக்கு பிரவுசரும் நெட்டும் போதும். ஸ்டிக்கருக்குத் தனிக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முதல் வருடம் என்னதான் ஓடுகிறது?

இன்ஜினீயரிங்கில் இருந்தே தொடங்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரின் கணினிப் பாடமாக இருந்தது பைத்தான் அடிப்படை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு அடுத்த செமஸ்டரில் சி. இவை இரண்டுமே பத்து வருடப் பழைய மெஷினில்கூட ஓடும். மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு இன்ஜினீயரிங் கிராபிக்ஸ் வரும். அங்கே பெரும்பாலும் டிராஃப்டரும் டிராயிங் ஷீட்டும்தான் வேலை செய்யும். ஆர்க்கிடெக்சர் மாணவரும் முதல் வருடம் பெரும்பாலும் டிராயிங் போர்டின் மேல் குனிந்துதான் இருப்பார்.

அந்த ஏஐ மாணவிக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? மாடல் பயிற்சி என்ற கனமான வேலை எட்டிப்பார்ப்பது பிந்தைய வருடங்களில். அப்போதும் கூகுள் கோலாப், கேகிள் போன்ற தளங்கள் தங்கள் சர்வரில் உள்ள கிராபிக்ஸ் சிப்பை, அளவு கட்டுப்பாட்டுடன், மாணவருக்கு இலவசமாகவே தருகின்றன. பாடத்திட்ட அளவிலான பயிற்சிகள் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். ஆராய்ச்சி ஆர்வத்தோடு சொந்தமாகப் பெரிய மாடல்களை ஓட்ட நினைக்கும் மாணவருக்குத்தான் சொந்த கார்டு பலன் தரும். அந்த ஆர்வம் உண்டா என்பது முதல் வருடம் முடியும்போதுதான் அவருக்கே தெரியும்.

கல்லூரி லேபில் சமாளிக்க முடிகிறவர்கள் முதல் செமஸ்டர் முடியும்வரை பொறுக்கலாம். அதற்குள் எந்த சாஃப்ட்வேர் வருகிறது, சீனியர்கள் எதில் திணறுகிறார்கள் என்று நேரிலேயே தெரிந்துவிடும். தினமும் அசைன்மென்ட், ஆன்லைன் தேர்வு என்று முதல் வாரமே தொடங்கும் கல்லூரிகளில் சேருகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

பெட்டிச் செய்தி 1: எந்தப் படிப்புக்கு எது?

▪ பி.காம், பிபிஏ, கலைப் பாடங்கள், சட்டம்: எக்செல், டேலி, பிரவுசர், பிடிஎஃப். நடுத்தர பிராசசர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். மணிக்கணக்கில் டைப் செய்ய வேண்டும் என்பதால் நல்ல கீபோர்டுக்கு முன்னுரிமை. தமிழ் இலக்கிய மாணவர்கள் தனி மென்பொருள் தேட வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

▪ கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, டேட்டா சயின்ஸ், பிசிஏ: 16 ஜிபி ராம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு ஓட்ட 16 ஜிபி தேவை என்பது கூகுளின் கணக்கு. தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை.

▪ மெக்கானிக்கல், சிவில்: ஆட்டோகேட், சாலிட்ஒர்க்ஸ், ஆன்சிஸ். விண்டோஸ், 16 ஜிபி. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஆரம்பநிலை கிராபிக்ஸ் கார்டு. ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவருக்கு இலவசம். ஆன்சிஸுக்கும் இலவச மாணவர் பதிப்பு உண்டு.

▪ ஆர்க்கிடெக்சர், அனிமேஷன், விஸ்காம்: கிராபிக்ஸ் கார்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் படிப்புகள். நிறம் சரியாகத் தெரியும் திரையும் வேண்டும். கனமான மெஷினை இரண்டாம் வருடத்துக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

▪ மருத்துவம், நர்ஸிங்: படிப்பதும் குறிப்பெடுப்பதும்தான் அதிகம். பேனாவுடன் கூடிய டேப்லெட்டும் பலருக்குப் போதும்.

மாற்ற முடிந்தது, மாற்ற முடியாதது

லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கும். ஸ்க்ரூவைத் திருகி எடுத்து வேறொன்றை மாட்டக் கூடியவை ஒரு வகை. மதர்போர்டோடு சாலிடர் வைத்து ஒட்டியவை இன்னொரு வகை.

இப்போதைய லேப்டாப்களில் பிராசசர் ஏறக்குறைய எப்போதும் ஒட்டியதுதான். ஆகவே அதில் ஒரு படி மேலே போவது வீண் செலவாகாது. திரையும் கீபோர்டும் எடையும் வாங்கியது வாங்கியதுதான். எஸ்எஸ்டி பெரும்பாலும் மாற்றக் கூடியது. 512 ஜிபியில் தொடங்கி, தேவைப்பட்டால் மூன்றாம் வருடம் 1 டிபி போட்டுக்கொள்ளலாம். பேட்டரியும் இரண்டு, மூன்று வருடத்தில் மாற்றக் கூடியது.

நடுவில் நிற்பது ராம். ஒரே விலையில் இரண்டு மாடல்கள். ஒன்றில் 8 ஜிபியோடு இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும், மற்றொன்றில் 8 ஜிபி போர்டிலேயே ஒட்டியிருக்கும். விளம்பரத்தில் இரண்டும் '8 ஜிபி'தான். முதலாவது மாடலுக்கு மூன்றாம் வருடமும் வாழ்வு உண்டு. இரண்டாவதில் ஒரு பக்கம் எமுலேட்டர், மறுபக்கம் இருபது டேப் திறந்த பிரவுசர் என்று வரும்போது மெஷின் மூச்சு வாங்கும். அதற்குப் பரிகாரம் புது லேப்டாப் மட்டுமே. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இதில் ராம் ஸ்லாட் இருக்கா, ஒட்டினதா? அதிகபட்சம் எவ்வளவு போடலாம்?" பதிலை கம்பெனியின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

'இப்போ 8 ஜிபி வாங்கிட்டு அப்புறம் சேர்த்துக்கலாம்' என்பது முன்பெல்லாம் நல்ல யோசனை. ராம் விலை ஏறியபின் அதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் உள்ள வித்தியாசம், வெளியே ஒரு 8 ஜிபி ராம் வாங்கும் விலையைவிடக் குறைவு என்றால், கணினிப் படிப்பு மாணவர்கள் 16 ஜிபியையே வாங்கிவிடுவது நல்லது.

எடையை யாரும் கேட்பதில்லை. தினமும் சுமக்கப்போவது அதைத்தான். 15.6 அங்குல கேமிங் லேப்டாப் பல மாடல்களில் இரண்டு கிலோவைத் தாண்டும். அதன் சார்ஜர் தனிச் சுமை. கிராபிக்ஸ் கார்டு பேட்டரியைக் குடிப்பதால் வகுப்பில் பிளக் பாயின்ட் பக்கத்து இருக்கைக்குப் போட்டி போட வேண்டும். காலை பஸ்ஸில் நின்றுகொண்டே தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வரும் பிள்ளை, ஒரு மாதத்துக்குப் பிறகு அதை ஹாஸ்டல் நண்பனின் அறையிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கும். தினமும் பயணம் செய்கிறவர்களுக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் 14 அங்குல மெஷின், யுஎஸ்பி-சி சார்ஜிங், ஆறு ஏழு மணி நேரம் தாங்கும் பேட்டரி ஆகியவை எந்த கிராபிக்ஸ் கார்டைவிடவும் அதிகம் உதவும்.

பெட்டிச் செய்தி 2: ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி?

▪ 'ரைசன் 5' என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7520யு என்பதில் அது 2. அதாவது 2019-இல் வந்த 'ஜென் 2' வடிவமைப்பு. 7530யு என்றால் 'ஜென் 3'. பெயர் ஒன்று, திறன் வேறு. 7520யு உள்ள லேப்டாப்களில் ராமும் ஒட்டியதாகவே வரும்.

▪ கடைசி எழுத்து: 'யு' என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரகம், பேட்டரி நிற்கும். 'ஹெச்' என்றால் வேகம் கூடுதல், சூடும் கூடுதல்.

▪ இன்டெல் பெயர் மாற்றம்: 2023 இறுதியில் தொடங்கி 'ஐ' எழுத்தை விட்டு 'கோர் 5', 'கோர் அல்ட்ரா 5' என்று வருகிறது. எண்ணுக்கு முன்னால் 'என்' எழுத்து இருந்தால் அது எளிய வேலைகளுக்கான சிக்கன ரகம்.

▪ திரை: 'ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ்' என்று இருக்கட்டும். '45 சதவீத என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும்; டிசைன் மாணவர்களுக்கு ஆகாது.

மேக் வாங்கலாமா?

ஆப்பிள் மேக்புக் ஏர் எடை குறைவு, பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், பல வருடம் உழைக்கும். எம்4 சிப்புடன் 2025 மார்ச்சில் வந்தபோது அடிப்படை மாடலின் விலை ரூ.99,900, மாணவர் சலுகை விலை ரூ.89,900. புரோகிராமிங், எழுத்து, வீடியோ எடிட்டிங் மாணவர்களுக்குப் பொருந்தும்.

ஆனால் சாலிட்ஒர்க்ஸ், ரெவிட், ஆர்க்ஜிஐஎஸ் புரோ, டேலி ஆகியவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. மெக்கானிக்கல் மாணவர் ஒரு லட்சம் கொடுத்து மேக் வாங்கிவிட்டு, லேப் ரெக்கார்டுக்கு நண்பனின் லேப்டாப்பைக் கேட்டு நிற்கும் நிலை இங்கேதான் வருகிறது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்புக்கும் இதே எச்சரிக்கை: பேட்டரி அருமை, சில பொறியியல் மென்பொருள்கள் ஓடாமல் போகலாம். மேக்கில் ராமும் பிறகு கூட்ட முடியாதது.

தவணை தரும் தலைவலி

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகையைப் பார்த்ததும் வட்டியே இல்லை என்று நினைக்கிறோம். பூஜ்ய வட்டித் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லேயே ஆட்சேபித்துவிட்டது. இப்போது நடப்பது வேறு: வங்கி வட்டி போடும், அதே அளவுத் தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கொடுத்து ஈடுகட்டும். மொத்தமாகப் பணம் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியை நீங்கள் இழக்கிறீர்களா என்று பாருங்கள். கிரெடிட் கார்டு தவணையில் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சில இடங்களில் பிராசசிங் கட்டணம் ஆகியவையும் தலையில் ஏறும். "ரொக்கமா கொடுத்தா எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பலர் கவனிக்காத இன்னொரு வழி கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையென்றால் நியாயமான விலையில் கணினி வாங்குவதும் அனுமதிக்கப்பட்ட செலவுகளில் ஒன்று. கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே லேப்டாப்புக்கான கொட்டேஷனைச் சேர்த்துக் கொடுத்து மேலாளரிடம் கேளுங்கள். தனிநபர் கடனிலோ நகைக் கடனிலோ போய் நிற்பதற்கு முன் தட்ட வேண்டிய கதவு அது.

எழுபத்தெட்டாயிரம் ரூபாய் மெஷினுக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் இருபத்தெட்டாயிரம். இரண்டாம் வருடம் ஒரு சான்றிதழ் படிப்பு, மூன்றாம் வருடம் ராமும் எஸ்எஸ்டியும், கடைசி வருடம் இன்டர்வியூவுக்குப் பெங்களூரு போய்வரும் செலவு எல்லாம் அதற்குள் அடங்கும்.

செகண்ட் ஹேண்ட்: பயப்பட வேண்டாம், பார்த்து வாங்குங்கள்

ஐடி நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகை லேப்டாப்கள் ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களிலும் கிடைக்கின்றன. அலுவலகத்துக்கென்று செய்தவை என்பதால் உடல் உறுதி, கீபோர்டு நயம். பல மாடல்களில் ராம் ஸ்லாட்டும் உண்டு. புது மெஷின் வாங்கும் விலையில் பாதிக்குள் நல்ல லேப்டாப் அமையும். ஒரே நிபந்தனை: இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

அதற்கும் பழைய மெஷின் வீட்டிலேயே கிடக்கிறதா? எஸ்எஸ்டி மாற்றி லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டால் புரோகிராமிங் படிக்க அது இன்னும் உதவும். சென்னையில் ஐஎல்யூஜிசி, விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி போன்ற லினக்ஸ் பயனர் குழுக்கள் தமிழிலேயே வழிகாட்டுகின்றன. வேலைவாய்ப்புத் தேர்வுகளில் சில, கேமரா கண்காணிப்போடு விண்டோஸிலேயே நடக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெட்டிச் செய்தி 3: பணம் கொடுக்கும் முன்

▪ மெஷினை ஆன் செய்து உள்ளே காட்டும் சீரியல் நம்பரும் அடியில் ஒட்டியிருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி இணையதளத்தில் அதைப் போட்டால் வாரன்ட்டி விவரம் வரும்.

▪ பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள்.

▪ விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். ஆதியில் இருந்த கொள்ளளவும் இப்போது நிறைவதும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

▪ எல்லாப் பொத்தான்களையும் தட்டி, கேமரா, மைக், ஒய்ஃபை, எல்லா போர்ட்டுகளையும் சோதியுங்கள்.

▪ சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அரசு லேப்டாப் வருமே?

தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கி, அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்குப் போனது. பல கிராமங்களில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். பிறகு நின்றுபோயிருந்த விநியோகம், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்ற 2025-26 பட்ஜெட் அறிவிப்போடு மறுபடி உயிர்பெற்றது. அதற்கான டெண்டரில் கேட்கப்பட்டது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

கலை, வணிகவியல், அறிவியல் மாணவருக்கு அது போதுமான மெஷின். எந்தக் கல்லூரியில், எந்த வருட மாணவருக்கு, எப்போது என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கடைசி வருடத்தில்தான் கிடைக்கும் என்றால் அதுவரைக்கும் ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் பாலமாக இருக்கும்.

பெட்டியைப் பிரித்த அன்று

கடைப் பையன் ஆர்வமாக "நானே செட்டிங் பண்ணித் தரேன்" என்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல மெஷின்களில் டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடும். அந்தப் பூட்டின் மீட்புச் சாவி அதே கணக்கில்தான் சேமிக்கப்படும். அது கடைக்காரரின் இமெயிலாக இருந்துவிட்டால், ஒருநாள் அப்டேட்டுக்குப் பிறகு மெஷின் சாவி கேட்கும்போது புராஜெக்ட் ஃபைல் எல்லாம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மாணவரின் சொந்த இமெயிலில் தொடங்குங்கள். கூட வரும் எம்எஸ் ஆஃபீஸையும் குறிப்பிட்ட காலத்துக்குள் அதே கணக்கில் பதிவு செய்ய வேண்டும்.

வாரன்ட்டி பொதுவாக ஒரு வருடம். கீழே விழுவதும் டீ கொட்டுவதும் அதில் சேராது. ஹாஸ்டலில் இருக்கப்போகும் பிள்ளைக்கு, விபத்துச் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வாரன்ட்டியை கம்பெனியிடமே நேரடியாக எடுப்பது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை ஃபைல்களை ஒரு வெளி டிரைவிலோ கிளவுடிலோ நகலெடுக்கும் பழக்கத்தையும் அன்றே தொடங்கிவிடுங்கள்.

கல்லூரிகள் சொல்ல வேண்டியது

பெற்றோரின் குழப்பத்துக்குக் கல்லூரிகளும் பொறுப்பு. ஹாஸ்டலில் சேரும் மாணவருக்கு பக்கெட், பூட்டு, போர்வை என்று பட்டியல் அனுப்பும் நிர்வாகங்கள், படிப்பின் மிகப்பெரிய தனிச்செலவுகளில் ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. சில இடங்களில் எழுதுகிறார்கள். ஆனால் குறிப்பிட்ட மாடலை, கல்லூரி வழியாகவே, சொன்ன விலைக்கே வாங்க வேண்டும் என்ற கட்டளையாக.

ஒரு துறைத் தலைவர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். எந்த செமஸ்டரில் எந்த சாஃப்ட்வேர், குறைந்தபட்சத் தேவை என்ன, எதற்கு லேப் போதும், எந்த மென்பொருளுக்குக் கல்லூரியே லைசென்ஸ் தருகிறது, இரவு எத்தனை மணிவரை லேப் திறந்திருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அட்மிஷன் கடிதத்தோடு அந்த ஒரு பக்கத்தையும் இணைத்தால், எத்தனையோ குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கும். உங்கள் கல்லூரி தரவில்லையா? ஃபீஸ் கட்டப் போகும் அன்றே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால், அடுத்த வருடம் சேரும் பிள்ளைகளுக்காவது அந்தப் பக்கம் அச்சாகும்.